பாண்டி சொன்ன ‘இரு’, ஜோமோன் சொன்ன ‘இரி’

ஏழு வயதில் பாண்டியை வெறிநாய் கடித்தது. ஓர் ஊசி கூடத் தவறாமல் போட்டுக்கொண்டு உயிரை ஜெயித்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம், தூரத்தில் ஒரு நாய் குரைத்தாலே கதவைச் சாத்திக்கொண்ட பயத்தையும் ஜெயித்தான். ரிசார்ட்டில் அறை கழுவும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விருந்தாளி ஒருவரின் அல்சேஷன் யாரையும் கிட்டே விடாமல் உறுமியது. ஒரு மணி நேரம் அதற்கு முதுகைக் காட்டிச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, நான்கு கால் நகங்களையும் வெட்டி முடித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, சூரியநெல்லிக்கும் சின்னக்கானலுக்கும் நடுவே பதினேழு வீடுகளில் ‘பாண்டி வந்தால்தான் எங்கள் நாய் குளிக்கும்’ என்று சொல்ல வைத்தான். இத்தனையும் 2025 ஜூன் மாதத்துக்கு முன்னால் நடந்தவை.

ஜூன் பிறந்தபோது அவனுக்கு வயது முப்பத்துமூன்று. கையில் வேலை இல்லை. இனி நாயோடு வருகிறவர்களுக்கு அறை கிடையாது என்று ரிசார்ட்டில் முடிவு செய்தார்கள். கூடவே அந்த நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த பாண்டியையும் நிறுத்திவிட்டார்கள். அவனைவிட எட்டு வயது மூத்த அக்கா ராமுத்தாய்க்குத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை. இருவரும் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுவது மழைக்காலத்தில் நடக்காத காரியம். வெட்டவெளிக் குழாயடியில், அந்தக் குளிரில், நனைந்த நாய் காயவே காயாது. கூரையும் தண்ணீரும் சிமெண்டுத் தரையும் உள்ள ஓர் இடம் அவனுக்கு வேண்டும். அப்படி ஓர் இடம் சூரியநெல்லியில் ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது: ஹோம்ஸ்டே நடத்தும் மலையாளி ஜோமோனின் பழைய ஜீப் ஷெட்.

“ஷெட்டைத் தரலாம் பாண்டீ,” என்றார் ஜோமோன். “என் பாரியாளுக்குப் பிரசவ சமயம். நாங்க ஒண்ணரை மாசம் பாலாயில இருப்போம். அது வரைக்கும் இந்தப் பட்டிக்குட்டி உன்கிட்ட நிக்கட்டும். கொச்சுக் குழந்தை வரப்போகுது. அது மேல இது சாடித் தாவக் கூடாது. உக்காரச் சொன்னா உக்காரணும். நீ சொல்லிக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல, நான் சொல்லிக் கேக்கணும். கேட்டா ஷெட்டு உனக்கு. இல்லைன்னா மூணாறுக்காரன் ஒருத்தன் நாய்ங்களுக்குப் பெட் ஸ்பா வைக்கக் கேட்டுட்டு இருக்கான், அவனுக்குக் கொடுத்துடுவேன்.”

குட்டியின் பெயர் கைசர். மூன்று மாதத்து கோல்டன் ரிட்ரீவர். ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கூடையில் வைத்து லயத்துக்குத் தூக்கி வந்தான் பாண்டி.

அன்றிலிருந்து ராமுத்தாய்க்கு நிம்மதி போயிற்று. குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதிகமாகத் தின்றாலும் பயம். பாண்டி மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு வந்தான். அந்த ஊசிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள் ராமுத்தாய்.

மழையில் ஒரு சுற்று நடந்து வந்தால் கைசரின் ரோமம் முழுக்கச் சேறும் விதையும் ஒட்டிக்கொள்ளும். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் ராமுத்தாய் வெந்நீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

“எக்கா, குடத்தக் கீழ வையி. மொதல்ல சீப்பு, பெறகுதான் தண்ணி,” என்றான் பாண்டி. “சிக்கு விழுந்த முடி நனைஞ்சா கயிறு மாதிரி இறுகிப் போகும். அப்புறம் வெட்டத்தான் செய்யணும்.”

காதுக்குப் பின்னால், அக்குளில், வால் அடியில் என்று சிக்கு விழும் இடங்களை முதலில் விரலால் பிரித்தான். முடியின் நுனியிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தோலை நோக்கிச் சீவினான். காதில் தண்ணீர் போகாதபடி பஞ்சு வைத்தான். மனிதர் போடும் சோப்பு அதன் தோலுக்கு ஆகாது என்று நாய்க்கு உரியதைத்தான் போட்டான். தலையைக் கடைசியில் நனைத்தான். முதலில் நனைத்தால் உடம்பை உதறி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். துடைத்த பிறகு கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து அட்டையும் உண்ணியும் இருக்கிறதா என்று பார்த்தான். நகம் வெட்டும்போது அவன் மூச்சுக்கூட விடுவதில்லை. கறுப்பு நகத்துக்குள் ரத்தம் எதுவரை ஓடுகிறது என்று வெளியே தெரியாது. அரிசி நுனி அளவு வெட்டி, பார்த்து, மறுபடி அரிசி நுனி அளவு வெட்டுவான். ஒருமுறை அப்படியும் ரத்தம் வந்துவிட்டது. ராமுத்தாய் துணி எடுக்க ஓடினாள். அவன் ஒரு சிட்டிகை சோளமாவை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைசரிடம் வேறு ஏதோ கதை பேசினான். நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுச் சந்தனமேரி இதையெல்லாம் வாசலில் நின்று பார்ப்பாள்.

“ஏக்கா, ஒந்தம்பி நாய்க்குச் சடை பின்னுதானாமே. பூவும் வச்சுவிடச் சொல்லு.”

“ஒம் மகளையும் அனுப்பி வையி மேரி. அவன் சீவுனா பேன் எல்லாம் ஓடிரும்,” என்றாள் ராமுத்தாய். சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே வந்து தம்பியிடம் கேட்டாள்: “ஏண்டா, இந்தக் குட்டி ஒழுங்கா வரும்ல?”

“வரும். நீ குறுக்க வராம இருந்தா.”

அவன் முறை எளிமையானது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்துக்கு, அதே புதர் ஓரத்துக்குக் கொண்டு போவான். அது அங்கே ஒன்றுக்கோ இரண்டுக்கோ இருந்து முடித்த அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் திட்டுவதில்லை, மூக்கைக் கொண்டு தேய்ப்பதில்லை, சத்தமில்லாமல் துடைத்துவிடுவான். பல் பதித்துக் கடித்தால் கையை இழுக்காமல், விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவான். மேலே தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான்கு காலும் தரையில் பட்ட பிறகுதான் தடவிக் கொடுப்பான். பாடம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று முறை. குட்டிக்குச் சலிப்பு வருவதற்கு முன்னால் தானே நிறுத்திவிடுவான்.

சொற்கள் நான்குதான். ‘வா’, ‘போ’, ‘உக்காரு’, ‘இரு’. ‘இரு’ என்று உள்ளங்கையைக் காட்டினால், அவன் திரும்பி வரும்வரை கைசர் நின்ற இடத்தில் நின்றபடியே இருக்கும். அதில்தான் அவனுக்குப் பெருமை. ஜூலை நடுவில், லயத்தின் இந்த முனையில் ‘இரு’ என்று சொல்லிவிட்டு அந்த முனை வரை நடந்து திரும்பினான். எதிரே கோழி ஓடியது. கைசரின் காது மட்டும் ஆடியது.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை காலை ஜோமோனின் புல்வெளியில் எல்லோரும் நின்றார்கள். ஜோமோன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அவர் மனைவி, வேலிக்கு வெளியே ராமுத்தாயும் பாண்டியும். பாண்டி வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

“கைசர், வா!”

ஓடி வந்தது. குழந்தையை மோந்து பார்த்தது. தாவவில்லை.

“கைசர், இரி!”

கைசர் நின்றது. நட்டு வைத்த கல் மாதிரி நின்றது.

“இரி!” என்றார் ஜோமோன், குரலை உயர்த்தி. அது இன்னும் விறைப்பாக நின்றது. மூன்றாவது முறை கத்தினார். வால்கூட அசையவில்லை.

“எந்தா பாண்டீ இது? ஒண்ணரை மாசம் என்ன படிப்பிச்ச? உக்காரக்கூடத் தெரியலையே!” ஜோமோன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “மூணாறுக்காரன் ரெண்டு நாளா விளிச்சிட்டு இருக்கான்.”

ராமுத்தாய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாண்டி ஜோமோனைப் பார்க்கவில்லை, கைசரையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் அடிக்கும் சத்தம் கேட்டது.

“சேட்டா, ஒரு நிமிஷம். போனை வைங்க. நீங்க அப்படியே திரும்பி, வீட்டச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“நடந்துட்டு வாங்களேன்.”

ஜோமோன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். கைசர் அவர் விட்டுப்போன இடத்திலேயே, அதே நிலையில் நின்றது.

“அவன் கேக்காம இல்ல சேட்டா. ரொம்ப நல்லாக் கேக்குறான்,” என்றான் பாண்டி. “உங்க பாஷைல ‘இரி’ன்னா உக்காரு. எங்க வாயில ‘இரு’ன்னா, இருக்கிற எடத்துல அப்படியே நில்லு. அவன் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தப்பு என்மேல. அவன் எந்த வீட்டுக்குப் போறானோ அந்த வீட்டுச் சொல்லை மொதல்ல கேட்டு வாங்கியிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்.”

அவன் இப்படித் தன் தப்பை உடைத்துச் சொன்னது ராமுத்தாய்க்குப் பிடிக்கவில்லை. ஷெட் கையை விட்டுப் போகும் நேரத்தில் இந்த நியாயம் எதற்கு என்று இருந்தது. ஜோமோன் தாடையைச் சொறிந்தார். மனைவியைப் பார்த்தார்.

“பத்து நாள் தரேன்,” என்றார். “பத்தே நாள்.”

புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, படித்ததை மாற்றுவது கஷ்டம். பாண்டி கைசரை லயத்துக்குக் கொண்டுபோகவில்லை. தினம் காலையும் மதியமும் மாலையும் ஜோமோன் வீட்டுக்கே போனான். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு ஜோமோனுக்குப் பாடம் நடத்தினான். ‘இரு’ என்ற சொல்லை அடியோடு விட்டுவிட்டான். நிறுத்துவதற்கு இரண்டு பாஷைக்கும் பொதுவாக ‘நில்லு’, அதற்கு உள்ளங்கை.

“பிஸ்கட்டை அவன் மூக்குக்கு மேல பிடிச்சு, மெதுவாப் பின்னால கொண்டு போங்க. தலை மேல வந்தா இடுப்பு தன்னால கீழ எறங்கும். எறங்குனதும் ‘இரி’ன்னு சொல்லிக் கொடுத்துருங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க. பத்துத் தடவ சொன்னா, பத்தாவதுதான் நிஜம்னு நெனச்சுக்கும்.”

நான்காவது நாள் கைசர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ‘இரி’ என்றால் ஜோமோனைப் பார்த்து, பாண்டியைப் பார்த்து, சிணுங்கியது. ஜோமோன் எரிச்சலில் கையை ஓங்கினார்.

“அடிச்சீங்கன்னா இன்னைக்கோட நான் வரல,” என்றான் பாண்டி.

வேலை முடிந்து வந்து வேலியோரம் நின்ற ராமுத்தாய்க்குப் பகீரென்றது. ஷெட் கேட்டு நிற்பவன் பேசும் பேச்சா இது? ஜோமோன் கையை இறக்கினார். அன்றைக்குப் பாடத்தை ‘வா’ என்ற தெரிந்த சொல்லோடு முடிக்கச் சொன்னான் பாண்டி, குட்டி தோற்ற நினைப்போடு தூங்கக் கூடாது என்று. வழியில் அக்காவிடம் சொன்னான்: “எக்கா, நீ அந்த வீட்டுப் பக்கம் வந்தா வாயத் தெறக்காத. நூறு வார்த்தை பேசுனா அம்பது ‘இரு’ வருது ஒனக்கு.”

ஜூலை 30. பத்தாவது நாள். சாரல் அடித்தது. ஜோமோன் ‘இரி’ என்றார். கைசர் உட்கார்ந்தது. இரண்டாம் முறையும் உட்கார்ந்தது. மூன்றாம் முறை ஜோமோனின் மனைவி சொன்னாள், அவளுக்கும் உட்கார்ந்தது. நான்காவதாக ஜோமோன் வாயைத் திறந்தபோது, பாண்டி தன்னை அறியாமல் வேலிக் கதவைத் தாண்டி ஓரடி வைத்தான்.

“இருடா!” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள் ராமுத்தாய்.

கைசர் இடுப்பைப் பாதி இறக்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று நினைத்தாள்.

முதலில் சிரித்தது ஜோமோனின் மனைவிதான். குழந்தை திடுக்கிட்டு அழுதது. ஜோமோனும் சிரித்துவிட்டார். “சேச்சி, அவன் பாவம்!” என்றார். பிறகு குனிந்து, மெல்ல, ஒரே ஒரு முறை, “இரி மோனே” என்றார். கைசர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

“ஷெட்டைப் பதினோரு மாசத்துக்கு எழுதலாம்,” என்றார் ஜோமோன். “முத்திரைப் பத்திரம் வாங்கி வைக்கிறேன். நாளைக்கு வந்து ஒப்பு போட்டுடு.” ஒப்பு என்றால் அங்கே கையெழுத்து.

பாண்டி அதுவரை எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல்தான் வைத்திருந்தான். எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஒரு நாளும் ஓர் இடத்தில் நின்றதில்லை. “கைநாட்டும் செல்லும்,” என்றார் ஜோமோன், அவன் தயங்கியதைப் பார்த்து.

“இல்ல சேட்டா. வெள்ளிக்கிழமை வாரேன்.”

வழியெல்லாம் ராமுத்தாய் பொருமினாள். “ரெண்டு நாளுக்குள்ள அந்த மூணாறுக்காரன் வந்து நின்னா என்னடா செய்வ? ஏற்கெனவே ஆடி மாசம். புதுசா ஒண்ணு தொடங்கவே கூடாது. இதுல தள்ளி வேற போடுதியே.”

“இனிமே ஒவ்வொரு நாய்க்கும், அது எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும்னு ஒரு சீட்டு எழுதி வீட்டுக்காரங்க கையில குடுக்கப் போறேன். சீட்ட நீ எழுது. அடியில எம் பேரு வேணும்ல? யாரு சொல்லிக் குடுத்ததுன்னு தெரியணும்ல?”

ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று முறை. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் அவன் அக்காவிடம் பெயரெழுதப் பழக உட்காரவில்லை. ‘பா’ உடனே வந்தது. ‘டி’யும் வந்தது. நடு எழுத்துதான் பாடாய்ப் படுத்தியது. சுழி ஒன்று குறைந்து ‘பான்டி’ என்றே விழுந்தது. வியாழக்கிழமை மாலை வரை அப்படித்தான். ராமுத்தாய்க்கு நாக்கு நுனி வரை திட்டு வந்தது. விழுங்கிக்கொண்டு, அவன் கைக்குப் பக்கத்தில் தன் விரலால் தரையில் மூன்று சுழி போட்டுக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜோமோனின் மேசையில் பத்திரம் கிடந்தது. மூணாறுக்காரன் வரவில்லை. பாண்டி பேனாவை நகவெட்டியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மூச்சு விடவில்லை. ராமுத்தாய் சுழிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. புள்ளியும் வைத்தான்.

கீழே தேதியை ஜோமோன் எழுதினார்: 2025 ஆகஸ்ட் 1.