அம்மன் கொடியும் பூட்ஸ் காலும்

கொடியில் அம்மன் இருக்கிறாள். கொடி காலுக்குக் கீழே தொங்கும். போன தை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். இப்போது விழாக்களில் விமானத்தில் இருந்து குதித்துக் காட்டும் ஒரு குழுவோடு போய் வருகிறார். அதில் அவருக்குக் கொடி வேலை. பாராசூட் விரிந்த பிறகு கொடியை அவிழ்த்துவிட்டு, கீழே இருக்கிறவர்கள் பார்க்கப் பார்க்க இறங்கி வரவேண்டும். வெளியூரில் எத்தனையோ கொடி கொண்டு இறங்கியிருக்கிறார், ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. சொந்த ஊரில் கூப்பிட்டார்கள், அன்றைக்குப் பிடித்தது வம்பு.

கூடலூருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். ஊர்ச் சங்கமே நடத்துகிற கல்லூரி ஒன்று இருக்கிறது. அதற்கு வெள்ளி விழா. சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரருக்கு மாமன் மகன், மச்சான் முறை, வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மாப்பிள்ளை ஆகாயத்தில் இருந்து கல்லூரிக் கொடியோடு இறங்கவேண்டும் என்று அவர்தான் முதலில் ஆசைப்பட்டார். கல்லூரிக் கொடியின் நடுவில் எங்கள் ஊர் அம்மன் படம். அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

கொடி எங்கே இருக்கும் என்று தெரிந்ததும் மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் மாப்ள, ஆத்தாளைக் காலுக்கு அடியில தொங்கவிட்டுட்டு, அதுக்கு மேல பூட்ஸ் போட்டுக்கிட்டு வருவியா? ஊர்வலத்துல தலைக்கு மேலதான பிடிக்கிறம்?"

இவர் பொறுமையாகத்தான் சொன்னார். தலைக்கு மேலே பாராசூட்டின் கயிறுகள் இருக்கின்றன. துணி அங்கே போய்ச் சுற்றினால் பாராசூட் சுருண்டுவிடும். அதனால்தான் கொடியின் அடி நுனியில் மணல் பை கட்டி, நேராகக் கீழே இறங்குகிற மாதிரி விடுகிறோம். பாராசூட் நன்றாக விரிந்ததா என்று பார்த்து, ஆள் இல்லாத பக்கம் திரும்பிய பிறகுதான் பையில் இருந்து அவிழ்ப்போம். அப்படியும் சிக்கினால் ஒரே இழுப்பில் கொடியைக் கழற்றிவிட வேறு ஒரு பிடி இருக்கும். இதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. பைக்கில் உட்கார்ந்து போகும்போது சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியாத பொம்பளை யார்?

மச்சானுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஆத்தாளை ஆகாயத்தில் வைத்துக் கழற்றிவிடுவதா என்று எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு இவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். பிறகு பேசாமல் இருப்பார். ராணுவத்தில் ஒரு தடவை சொன்னால் போதும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மறுநாளே கடைவீதியில், "மேல கட்டுறதுக்கு அவுக சம்மதிச்சுட்டாக" என்று என்னிடமே ஒருத்தி சொன்னாள்.

சங்கத்தில் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். அம்மனிடமே பூக் கேட்பது. வெள்ளைப் பூ வந்தால் கொடி கீழே. சிவப்பு வந்தால் மேலே.

நானும் பூக் கேட்கிறவள்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கேட்டேன், போர் போட இடம் பார்த்தபோது கேட்டேன். அவள் சொன்னதை மீறி ஒன்றும் செய்ததில்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று இவரைக் கேட்டேன். கொடி இல்லாமல் குதிப்பேன் என்றார். அதை அங்கே போய்ச் சொல்லுங்களேன் என்றேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கோவிலில் கூடினோம். பூசாரி இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார். அவருடைய சின்ன மகள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினால் மச்சான் பூசாரியிடம், பிள்ளை எடுக்கும்போது கை மாறியது, பொட்டலமும் சரியாகக் கட்டவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்கிறார். பூசாரியும் போட்டார். சிவப்பு வந்தது.

ஆம்பளைகள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இவர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார், யாருக்கோ நடக்கிற பஞ்சாயத்து மாதிரி. பொம்பளைகள் பக்கம் இருந்து நான் முன்னால் வந்துவிட்டேன்.

"அண்ணே, முதல்ல வந்தது ஆத்தா சொன்னது. ரெண்டாவது வந்தது நீங்க சொன்னது."

மச்சான், "தங்கச்சிக்கு வாய் நீளம்" என்று சிரித்து மழுப்பப் பார்த்தார். பூசாரி வெள்ளைப் பூவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் சும்மா விடுவார்களா? கால் வெறுங்காலாக இருக்கட்டும் என்றார்கள். வெறுங்காலில் இறங்கினால் கணுக்கால் போய்விடும் என்று நானே சொன்னேன். அப்படியென்றால் புது பூட்ஸ், யார் வீட்டு வாசலையும் மிதிக்காத பூட்ஸ் என்றார்கள். சரி என்று வாங்கினார். அது கடித்துக் குதிகாலில் கொப்புளம்.

அடுத்து, கொடியைப் பிடிக்கிறவர்கள். கொடி முதலில் தரையைத் தொடும், பின்னால்தான் ஆள் இறங்குவார். அதனால் கீழே நாலைந்து பேர் நின்று, அடி நுனியை எட்டிப் பிடித்து, நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவிட வேண்டும். தாமதித்தால் கொடி இறங்குகிறவர் காலில் சுற்றிக்கொள்ளும். வேறு ஊரில் குழு ஆட்களே பிடிப்பார்களாம். இங்கே சங்கத்து ஆட்கள்தான் பிடிப்போம், எங்கள் அம்மனை வேற்று ஆள் தொடக் கூடாது என்றார்கள்.

இவர் பழக்கிக் கொடுத்தார். கல்லூரி மாடியில் இருந்து ஒரு போர்வையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எல்லாரும் பாய்ந்து பாய்ந்து பிடித்தார்கள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினதைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். நிஜக் கொடியை வைத்து ஒரு தடவை பழகிவிடலாம் என்று இவர் கேட்டார். அது பூஜையில் இருக்கிறது, கண்ட நேரத்தில் எடுக்கக் கூடாது என்றார்கள். இவர் அதோடு விட்டுவிட்டார். அப்போது நானாவது வற்புறுத்தியிருக்கலாம். பூவில் ஜெயித்த பிறகு மறுபடியும் வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

விழா அன்றைக்குக் குமுளிப் பக்கக் காற்று எழும்புவதற்கு முன்னால் காலையிலேயே குதிப்பதாக ஏற்பாடு. மதுரையில் இருந்து சின்ன விமானம் வந்து ஊருக்கு மேல் சுற்றியது. முதலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். பாராசூட்கள் விரிந்தன. மூன்று பேர் முன்னால் இறங்க, இவர் மட்டும் மேலேயே நின்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு முருகா முருகா என்று நின்றேன். கொடி அவிழ்ந்தது. மணல் பை நேராக இழுக்க, மஞ்சள் துணி சுருக்கம் இல்லாமல் விரிந்தது. நடுவில் அவள் முகம். வாழைத் தோப்புக்கு மேலே அவள் வருகிறதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூட்டம் குலவை போட்டது.

மைதானத்தில் பிடிக்கிறவர்கள் தயாராகத்தான் நின்றார்கள். கொடி பனைமர உயரத்துக்கு வந்தது, தலைக்கு மேலே வந்தது. ஒருத்தரும் கையை நீட்டவில்லை. எல்லாரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுவிட்டார்கள். மச்சான் ஒரு படி மேலே போய், தரையில் விழுந்தே கும்பிட்டார்.

மணல் பை மண்ணைத் தொட்டது. துணி அதன் மேல் மடிந்து மடிந்து விழுந்தது. பின்னாலேயே இவர். அம்மனை மிதிக்கக் கூடாது என்று கடைசி நேரத்தில் காலை அகட்டி உடம்பைத் திருப்பினார். ஒரு கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நான் வேலிக் கயிற்றைத் தாண்டி ஓடினேன். போலீஸ்காரர் கூப்பிட்டது எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இவர் முதலில் கேட்டது, "ஆத்தா மேல கால் பட்டுச்சா?" என்பதைத்தான். படவில்லை. கொடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெரிய கட்டாகப் போட்டு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் மச்சான் சங்கத்து ஆட்களோடு வந்தார். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்ததும், "கீழ கட்டுனதுக்கு ஆத்தா காமிச்சுட்டா மாப்ள. ஒரு பரிகாரப் பொங்கல் வச்சிருங்க" என்றார். நீங்கள் பிடிக்காததால் வந்தது என்று நான் சொன்னேன். ஆத்தா நேரில் வரும்போது கும்பிடாமல் துணியைச் சுருட்டச் சொல்கிறாயா தங்கச்சி என்று என்னையே கேட்டார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பேன். இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆரஞ்சை உரித்து மச்சானுக்கும் ஒரு சுளை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தேன். பரிகாரம் இல்லை. அவரை முழுசாக என்னிடம் இறக்கிக் கொடுத்ததற்கு. அவர் எத்தனையோ தடவை குதித்திருக்கிறார், ஒரு தடவைகூட இப்படி நான் பயந்ததில்லை. அதை அவளிடம் சொன்னேன். உன்னைக் கும்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் புத்தியையும் கொடு என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கோவிலில் இருந்தவர்களுக்கு எல்லாம் இலையில் வைத்துக் கொடுத்தேன். சங்கத்து ஆட்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இனிப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டே, "நல்ல வேளை, குத்தத்தைக் கழிச்சுட்டாக" என்று ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. வீட்டில் அவர் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற நேரமாகிவிட்டது. பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.