நான்காம் தொட்டியிலிருந்து வந்த பதில்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் அந்தச் சென்சாரைத் தொட்டியில் ஒட்டியது என் கை. அது எப்போது சரியாகச் சொல்லும், எப்போது உளறும் என்று அந்தத் தொழிற்சாலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று அது உளறவில்லை. எனக்கு இன்றுவரை தூக்கம் சரியில்லாததற்குக் காரணமே அதுதான்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றதும் புரியும்.

எங்களுடையது பெயின்ட் தயாரிக்கும் இடம். ஐந்து இரும்புத் தொட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். உச்சியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். பழுது பார்க்க யாராவது உள்ளே இறங்கினால், முன்பெல்லாம் வெளியே ஒருவர் காவல் நிற்பார். அவ்வப்போது ஸ்பேனரால் தொட்டியில் மூன்று தட்டு தட்டுவார். இருக்கியா என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டுவார். இருக்கேன். பதில் வராவிட்டால் உடனே கயிற்றைச் சுற்றி மேலே இழுத்துவிட வேண்டும்.

நான் வேலைக்கு வந்த பிறகு அந்தக் காவலாளின் இடத்தில் கருவிகள் வந்தன. ஆக்சிஜனை அளக்க ஒன்று. தொட்டிச் சுவரின் அதிர்வை உணர, சட்டைப் பொத்தான் அளவில் இன்னொன்று. கண்காணிப்பு அறையில் நான் பொத்தானை அமுக்கினால் தொட்டிக்குள் பீப், பீப், பீப். உள்ளே இருப்பவர் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சென்சார் அதை உணர்ந்து திரையில் இரண்டு கூரான கோடுகளை எழுப்பும். பச்சை விளக்கு எரியும். பதில் வர எத்தனை நொடி ஆனது என்றுகூடக் காட்டும். பழைய வழக்கத்தைக் கலைக்காமல் புதிய கருவிக்குள் வைத்துவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுப் பராமரிப்புக்காக எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் தொழிற்சாலை நின்றுவிட்டால் வரும் அமைதி இருக்கிறதே, அது காதை அடைக்கும். என் மனைவியும் மகளும் வேறு ஊரில். காலையில் பேசியபோது மகள் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அதன்பிறகு அன்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்தப் பெரிய வளாகத்தில் மொத்தம் மூன்றே பேர். கண்காணிப்பு அறையில் நான். கேட்டில் வாட்ச்மேன் அண்ணன். நான்காம் தொட்டிக்குள், பெயின்டைக் கலக்கிவிடும் சுழலியான கலக்கியின் பேரிங்கை மாற்ற இறங்கியிருந்த ஃபிட்டர். அவரை முதலாளியே மாமா என்றுதான் கூப்பிடுவார்.

மாமா இறங்கியது மூன்று மணிக்கு. நான் பொத்தானை அமுக்கினேன். ஐந்து நொடி கழித்து இரண்டு தட்டு. உடனே வாக்கி டாக்கியில் அவர் குரல்.

"மாப்ளே, உன் பீப் சத்தம் என் பொண்டாட்டி கூப்பிடற மாதிரியே இருக்கு. வேலையப் பாதியில விட வைக்குது."

சிரித்தேன். ஆக்சிஜன் சரியாக இருந்தது. எல்லாம் பச்சை.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அமுக்கினேன். இரண்டு தட்டு.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு தட்டு எனக்கு ஒரு துணையாக இருந்தது. யாரோ எனக்குப் பதில் சொல்கிறார்கள். அதனால் பத்து நிமிடம் ஆவதற்கு முன்பே அமுக்க ஆரம்பித்தேன். மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் அந்த நொடிக் கணக்கைப் பார்த்தேன்.

முதல் பதிலுக்கு ஐந்து நொடி. அடுத்ததற்கு இரண்டு. அதற்கடுத்தும் இரண்டு. பிறகு எல்லாமே இரண்டு. இம்மி பிசகவில்லை.

மனிதர் அப்படிப் பதில் சொல்ல மாட்டார். கையில் இருக்கும் வேலையை நிறுத்த வேண்டும். திரும்ப வேண்டும். ஸ்பேனரைத் தேட வேண்டும். ஒருமுறை மூன்று நொடி ஆகும், ஒருமுறை ஏழு ஆகும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அதிர்வுக் கோட்டில் தட்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. சுத்தியல் இல்லை. போல்ட் கழற்றும் நடுக்கம் இல்லை. மாமா வேலையே செய்யவில்லை. பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்...

வாக்கி டாக்கியை எடுத்தேன். "மாமா, டீ குடிக்க வரீங்களா?"

இரைச்சல்.

"மாமா, பேசுங்க."

திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன.

நான் பொத்தானைத் தொடவே இல்லை.

ஆக்சிஜனைப் பார்த்தேன். சரியாக இருந்தது. விளக்கு பச்சை. மாற்று ஆள் இல்லாமல் அந்த அறையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. கேட்டுக்குப் போன் போட்டேன். மாமா வாக்கி டாக்கியில் பேச மாட்டேன் என்கிறார், ஆனால் பீப்புக்குப் பதில் தட்டு வருகிறது என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் எழும் சத்தம் கேட்டது.

"எந்தத் தொட்டி?"

"நாலு."

"அதை நம்பாதீங்க தம்பி. ஓடுங்க."

ஓடினேன்.

தொட்டியின் இரும்புப் படிகளில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. வாயில் டார்ச் அடித்தேன். கீழே கலக்கியின் தண்டுக்குப் பக்கத்தில் மாமா சாய்ந்து கிடந்தார். தலை தொங்கியிருந்தது.

உள்ளே இறங்கவில்லை. இறங்கினால் இரண்டு பிணம் என்று எனக்குத் தெரியும். அவர் இடுப்பு வாரில் மாட்டியிருந்த கயிறு மேலே வின்ச்சின் உருளையில் சுற்றியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். வாட்ச்மேன் அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார். இருவரும் சுற்றினோம்.

மாமா மெல்ல மேலே வந்தார். இரண்டு கைகளும் செத்த பாம்பு மாதிரி தொங்கின. விரல்கள் விரிந்து கிடந்தன. கையில் ஒன்றும் இல்லை.

அவரை வெளியே எடுத்துத் தொட்டி உச்சியில் இருந்த இரும்பு மேடையில் படுக்க வைத்தோம். மூச்சு இருந்தது. லேசாக.

அப்போது கேட்டது.

திரையில் இல்லை. என் காதில்.

காலியான தொட்டிக்குள்ளிருந்து.

டங்...

டங்.

வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மூடியை இழுத்து வாயை அடைத்தார்.

மாமா பிழைத்தார். பெயின்ட் தீப்பிடிக்காமல் இருக்கத் தொட்டிக்குள் நைட்ரஜன் விடுவோம்; பராமரிப்பின்போது மூடியிருக்க வேண்டிய அந்த வால்வு ஒன்று கசிந்திருக்கிறது. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலை சுற்றுகிறது என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். சரி, ஆக்சிஜன் சென்சார் ஏன் கத்தவில்லை? காலில் இடறுகிறது என்று மாமா அதைத் தூக்கிக் காற்றுக் குழாயின் வாயிலேயே கட்டிவிட்டார். வெளியிலிருந்து வரும் நல்ல காற்றை அளந்துகொண்டு, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அவர் விழுந்ததும் அதே குழாய்க்குப் பக்கத்தில். மூக்குக்குக் கொஞ்சம் காற்று கிடைத்தது. உயிரைக் காப்பாற்றியது அதுதான் என்றார் டாக்டர்.

இதுவரை எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாமாவிடம் கேட்டேன். எத்தனை தடவை பதில் தட்டினீர்கள் என்று.

"ஒரே தடவை மாப்ளே. உன்கூடப் பேசினேனே, அப்பதான். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

என் கணினியில் பதினேழு பதில்கள் பதிவாகியிருந்தன.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், வாட்ச்மேன் அண்ணன் கண்காணிப்பு அறைக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான்காம் தொட்டிக்கு வெளியே ஸ்பேனருடன் காவல் நின்றது அவர். உள்ளே இருந்தது அவருடைய கூடப் பிறந்த தம்பி. அவர் மூன்று தட்டினார். உள்ளேயிருந்து இரண்டு வந்தது. மத்தியானம் முழுக்க வந்தது. வேலை நேரம் முடிந்ததும் கயிற்றைச் சுற்றினார். தம்பியின் உடம்பு விறைத்திருந்தது. இறந்து பல மணி நேரம் ஆயிற்று என்றார்கள்.

பதில் வந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டுக் கதை விடுகிறான் என்றார்கள். தம்பி மனைவி அன்றிலிருந்து இவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தத் தொட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"அண்ணே, உள்ள இருக்கறது உங்க தம்பியா இருக்குமோ?"

இல்லை என்று தலையாட்டினார்.

"என் தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

நான்காம் தொட்டி மூடியிருந்தது. பதினாறு போல்ட்டையும் முறுக்கியாயிற்று. உள்ளே ஒரு சொட்டுப் பெயின்ட்கூட இல்லை. என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன.

பச்சை விளக்கு எரிந்தது.