பஸ் ஸ்டாண்டுக் காற்றை அளந்த பெட்டி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அமலோற்பவத்துக்கு மூச்சிழுப்பு. இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்ப வண்டியைத் தள்ள வேண்டுமென்று பஸ் டிரைவர்கள் அதை ஓடவிட்டே டீ குடிப்பார்கள். புகையெல்லாம் இவள் மூக்கில். புகார் சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு அவள் நடையாய் நடந்து அலுத்தபின், காற்றை அளக்கும் பெட்டியொன்றை அவள் கடையோரம் வைத்தார்கள்.

"பத்திரமா பாத்துக்கம்மா" என்றார் அதிகாரி.

பூவை மூடுவதுபோல, கரி படியாமல் அதையும் ஈரத்துணியால் மூடியே வைத்தாள். அவர் வரும் நாளில் துணியை எடுத்துவிட்டு, துடைத்துக் கொடுத்தாள்.

பெட்டியைப் பார்த்தவர், "காத்து சுத்தமா இருக்குதும்மா" என்றார்.

"கேட்டியாக்கா? இனிமே எங்கள இன்னா சொல்லுவ?" உறுமும் வண்டியிலிருந்து டிரைவர் லாரன்ஸ் கத்தினான்.

துணிதான் புகையைத் தடுத்ததென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்ல வாயெடுத்தாள், இருமல்தான் வந்தது. அதற்குள் அதிகாரியின் ஜீப் கிளம்பிவிட்டது.