பிடுங்க மறுத்த பாண்டியம்மாள்

பாண்டியம்மாள் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்து சேர்ந்தது. காலையில் என் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே நாங்கள் முன்பு வேலை பார்த்த ஆரப்பாளையம் பல் ஆஸ்பத்திரியின் பெயர். நடுவில் அக்காவின் பழைய பாஸ்போர்ட் படம். கீழே, ‘எங்கள் குடும்பத்தின் ஈறு சிகிச்சை நிபுணர் டாக்டர் பாண்டியம்மாள் மறைந்தார்’ என்ற வரி. அதற்கும் கீழே, முன்பதிவுக்கான போன் நம்பர். நம்பாமல் அவருடைய தம்பியைக் கூப்பிட்டேன். “நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லுச்சு. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள போயிருச்சுக்கா” என்றான். அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எங்கள் குடும்பம் என்று எழுதியவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்பது அங்கே வேலை பார்த்த உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் படத்தின் கீழே கைகூப்பும் எமோஜி வைத்திருந்தீர்கள்.

நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் நான் வேர் சிகிச்சை செய்தேன், அவர் ஈறு. அவருடையது செக்கானூரணிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அரசுக் கல்லூரியில் படித்து, மேற்படிப்பும் முடித்து வந்தவர். சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர், “போர்டுல டாக்டர் அம்முன்னு போட்டுக்கலாமா? கூப்பிடச் சுலபமா இருக்கும்” என்றார். “எங்கம்மா வச்ச பேரு சார். வாயில நுழையலேன்னா டாக்டருன்னு மட்டும் கூப்பிடட்டும்” என்றார் அக்கா. போர்டில் மற்ற எல்லார் பெயரும் இருந்தது. அவருக்கு மட்டும் ‘ஈறு சிகிச்சை நிபுணர்’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். முழுப் பெயரையும் எழுத அவர் சாக வேண்டியிருந்தது.

எளிதில் பழகக்கூடிய மனுஷி இல்லை அவர். நோயாளிகளைத் திட்டுவார். “வெளக்குறதா நெனச்சு ஈறைத் தேய்ச்சுக் கரைச்சிருக்க. பாத்திரமா இது?” என்று கேட்டு ஒரு வங்கி மேலாளரை நாற்காலியிலேயே முகம் சிவக்க வைத்திருக்கிறார். என்னிடமும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார். செத்துவிட்டார் என்பதற்காக அவரை இனிமையானவராக்க எனக்கு விருப்பமில்லை.

செல்வியை வைத்துத்தான் எல்லாம் உடைந்தது. கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஈறு இறங்கி, முன்பற்கள் நீளநீளமாகத் தெரிந்தன. தொட்டால் லேசாக ஆடின. பேசும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். புருஷன் நகையை அடகு வைத்துவிட்டு அவளைக் கூட்டி வந்திருந்தான். பிடுங்குவதற்கு முன் சுத்தம் செய்துகொடுங்கள் என்றுதான் அக்காவிடம் அனுப்பினார்கள்.

அக்கா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறின் ஆழத்தை அளந்தார். பிறகு சர்க்கரை பார்க்க அனுப்பினார். எகிறிப்போயிருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

“பிடுங்க வேணாம். எலும்பு இன்னும் பல்லைப் பிடிச்சிருக்கு” என்றார் அக்கா. “ஆனா ஒண்ணு கேட்டுக்க. இறங்குன ஈறு தானா ஏறாது. இனிமே இறங்காமப் பாத்துக்கலாம். அதுல பாதி வேலை ஒன்னோடது.”

“அப்ப இப்படியே அசிங்கமாத்தான் இருக்குமா டாக்டர்?”

“கொஞ்சம் நீளமாத்தான் தெரியும். ஒம்பல்லு ஒன்கிட்ட இருக்கும்.”

பல தடவை வரவழைத்து, ஈறுக்கு அடியில் வேர்மேல் படிந்திருந்த காறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். கரகர பிரஷ்ஷைக் குப்பையில் போட்டுவிட்டு மெத்தென்ற பிரஷ் கொடுத்து, கண்ணாடி முன் நிற்க வைத்துப் பல் துலக்கச் சொல்லிக் கொடுத்தார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாளா என்று புருஷனை அதட்டிக் கேட்டார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, ரத்தம் நின்றது, பற்களின் ஆட்டம் குறைந்தது. ஒருநாள் செல்வி தலைப்பால் வாயை மூடாமல் ரிசப்ஷனில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரம் மீட்டிங்கில், எங்கள் எல்லார் முன்னாலும் பெரிய டாக்டர் கேட்டார்: “நீங்க பல்லைக் காப்பாத்துறீங்க, சரி. ஆஸ்பத்திரியை யாரு காப்பாத்துறது?”

“ஆஸ்பத்திரி ஆடுச்சுன்னா அதைப் பிடுங்கிட்டு வேற வச்சுக்கங்க சார். அந்தப் பொம்பளை பல்லு ஆடலை.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பெரிய டாக்டர் மன்னிக்கவே இல்லை. அக்காவைப் போகச் சொல்லவில்லை; அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தார்கள். அவருடைய நாற்காலியை ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அவரைத் தேடி வந்தவர்களிடம் லீவு என்று சொன்னார்கள். உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பவரை வெளியே லீவு என்பார்கள். நான் போய்க் கேட்டேன். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார்கள். இருவரும் அடுத்தடுத்து வேலையை விட்டு வெளியே வந்தோம். பின்னாலேயே ஒரு பேச்சும் வந்தது: அந்தம்மாவுக்குப் பல் பிடுங்கத் தெரியாது, அதனால்தான் வேண்டாம் என்கிறது.

நாகமலை புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிளினிக் வைத்தார். பக்கத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், பல்லைச் சுத்தம் செய்யும்போது ரத்தம் வந்ததைப் பார்த்துப் பாதியில் எழுந்துகொண்டார். “ஈறு நல்லா இருந்தா இம்புட்டு ரத்தம் வராது சார். வருதுன்னுதான் நான் வேணும்” என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அந்தம்மா கை சரியில்லை என்று கேம்பஸ் முழுக்கச் சொன்னார். படித்தவர் சொன்னால் ஊர் நம்பாதா? வலி இல்லாத நோய்க்கு யார் திரும்பத் திரும்ப வருவார்கள் என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். “வர மாட்டாக. வலிக்கும்போது வருவாக. அப்ப என்கிட்ட வர மாட்டாக, பெரிய டாக்டர்கிட்டப் போவாக” என்றார். சிரிக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பெரிய டாக்டர் ஆள் உயர மாலையோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்தார். மாலை போட்டுவிட்டு, அக்காவின் அம்மாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். “எம்மக செத்துக் கெடக்கா. என்னைய எதுக்குய்யா போட்டோ புடிக்கிற?” என்று அந்த அம்மா கேட்டார். பெரிய டாக்டர் அதைச் சட்டை செய்யாமல் தனியாக நின்று எடுத்துக்கொண்டார். கம்பெனிச் சட்டையோடு ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்த செல்வி, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். கிளினிக்குக்கு வந்துபோன எத்தனையோ பேரில் நான் பார்த்தவரை அவள் ஒருத்திதான் வந்திருந்தாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் அக்காவின் பெயரில் ஈறு சிகிச்சைப் பிரிவு திறக்கிறார்களாம். திறப்பு விழா மலருக்கு என்னிடம் நினைவஞ்சலி கேட்டார்கள். “நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்” என்றாள் போனில் பேசிய பெண். அவள்மேல் கோபமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருப்பது வேறு. போன வருஷம் என் கீழ்முன்பல் ஒன்றில் ஈறு வேர் தெரிய இறங்கிவிட்டது. வேறு யாரிடமும் போகத் தோன்றவில்லை. அந்த ஒற்றை அறைக்குத்தான் போனேன். மேலண்ணத்திலிருந்து சின்னதாகச் சதை எடுத்து, அந்த இடத்தில் வைத்து, மயிரிழை நூலால் தைத்தார். “நீயே டாக்டரு. ஒனக்கே வாயத் தொறக்கத் தெரியலையே வசந்தி” என்று தையல் முடியும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். தைத்தது பிடித்துக்கொண்டது. அந்த இடம் மட்டும் பக்கத்து ஈறைவிட வெளிறி, கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அழகாக இல்லை. நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன், உறுதியாக இருக்கிறது.