சூசைராஜ் சொல்லாத இரண்டு வரி

சூசைராஜுக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனைப் பாடகன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், அவனுக்குக் கோபம் வரும். லாலாகுடா சர்ச்சில் கோயர் மாஸ்டர் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனை நிற்க வைத்து, "நீ வாயை மட்டும் அசைப்பா, சத்தம் வேண்டாம்" என்று கெஞ்சினார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாயசைக்கவும் கூப்பிடவில்லை.

அவன் அப்பா பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். பக்கத்து வீட்டு ஜுலைகாவின் கணவர் துபாயிலிருந்து ஒரு பெரிய டேப் ரிக்கார்டரும் கூடவே சில கேசட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றில் ஒரு கறுப்பு மனிதன் பாடாமல் பேசிக்கொண்டே போனானாம். பின்னால் தாளம் மட்டும். அவன் பேசிய இங்கிலீஷ் சூசைராஜுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ராகம் இல்லாதவனுக்கும் இந்த உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆரம்பித்தது தொல்லை.

தமிழும், எங்கள் ஊர் உருதுவான தக்கனியும் கலந்து, தாளத்துக்குச் சொல் அடுக்கினான். வாயாலேயே 'டும் தக, டும் தக' என்று தாளமும் போட்டுக்கொண்டான். ஜன்னலைப் போர்வையால் மூடி, ஜுலைகா வீட்டு டேப்பிலேயே பதிவு செய்து, கேசட்டின் மேல் தன் பெயரை எழுதி, தார்நாகாவில் ஒரு கேசட் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் கேட்டார், "எந்தப் படம்?" படம் இல்லை. "பக்திப் பாட்டா?" இல்லை. "அப்ப எந்த அலமாரில வைக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாண வீடுகளில் பேண்டுக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் அவனுக்கு மைக் கிடைத்தது. பிள்ளையார் பந்தல்களிலும் ஜெனரேட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு அவனைத்தான் பேச விட்டார்கள்.

எண்பத்தைந்தில் அவனுக்கு எங்கள் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சனத்நகர் பக்கம், மத்திய சர்க்காருக்குச் சொந்தமாக வால்வு செய்த ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே பெர்சனல் டிபார்ட்மெண்டில் ஸ்டெனோ. பெயர் கல்பகம், வீடு ஹப்சிகுடா. கம்பெனியில் நடக்கும் எல்லா மீட்டிங்கிலும் மூலையில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எடுப்பவள். என்னைப் போன்றவர்களுக்குக் காது உண்டு என்பதை ஆபீசர்கள் மறந்துவிடுவார்கள்.

சூசைராஜைப் போட்டது பிரெஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ராட்சச மெஷின்கள். அடுத்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், இவன் தலையாட்டிக்கொண்டான். அங்கேதான் அவனுக்கு இளங்கோவன் கிடைத்தார். நாலாம் நம்பர் பிரெஸ் ஆபரேட்டர், விழுப்புரத்துக்காரர், வாயைத் திறந்தால் கேலி. சாப்பாட்டு நேரத்தில் காலி கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தாளம் போடுவார். சூசைராஜ் எதிரே நின்று பேச ஆரம்பிப்பான். கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒன்று வைத்திருந்தான்:

"கைக்கு மியான், கைக்கு?
சாம்பார் மே பானி கைக்கு?
தால் போலே தோ நக்கோ போல்தே,
லைன் மே ஹம்னா ரக்கே கைக்கு?"

கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், கிடையாது. சாம்பாரில் ஏன் தண்ணீர், பருப்பு கேட்டால் கிடையாதாம், அப்புறம் வரிசையில் எதற்கு நிற்க வைக்கிறாய் என்று அர்த்தம். தெலுங்கர், முஸ்லிம், தமிழர் எல்லோரும் ஒவ்வொரு 'கைக்கு'வையும் சேர்ந்தே கத்துவார்கள். முதல் பாதியை இவன் சொல்ல வேண்டியது, மறு பாதியை மொத்த ஷாப்பும் சொல்ல வேண்டியது. அப்படியே வழக்கமாகிவிட்டது.

செப்டம்பரில் ஹிந்தி வாரம் வந்தது. டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், ஹிந்தி பேசாத ஊழியர்கள் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டதைக் காட்ட வேண்டும். கலந்துகொள்ள ஆளில்லை. ஹிந்தி ஆபீசர் திரிவேதி ஷாப் ஷாப்பாக அலைந்து சூசைராஜைப் பிடித்தார். அவன் மேடையேறி சாம்பாரைச் சொன்னான். தீர்ப்புச் சொல்ல வந்த பேராசிரியர் இது ஹிந்தியே இல்லை என்றார். ஆனால் தமிழன் ஒருவன் மேடையேறிவிட்டான், ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். முதல் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். அது ஒருநாளும் சரியான மணி காட்டியதில்லை.

அதோடு அவன் சுதந்திரம் போயிற்று. எங்கள் கம்பெனியில் சும்மா ஒரு வாரம் என்பது கிடையாது. உற்பத்தி வாரம், சிக்கன வாரம், மரம் நடும் வாரம், குடும்ப நல வாரம். எல்லா வாரத்துக்கும் சூசைராஜ். வார்த்தைகளை ஒரு கமிட்டி எழுதிக் கொடுக்கும். 'உற்பத்தித் திறனே உயர்வுக்கு வழி' என்பதை எந்தத் தாளத்தில் சொல்ல முடியும்? கல்யாணம்கூட ஆகாத அந்தப் பையன் குடும்ப நலத்தைப் பற்றி மேடையில் தடுமாறியபோது எனக்கே பாவமாக இருந்தது.

"ஏன்டா, முடியாதுன்னு சொல்லேன்" என்றேன்.

"எப்டிக்கா சொல்றது? நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன். அப்பா ரிட்டயர் ஆவுறாரு, ரயில்வே குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். கன்ஃபர்ம் ஆனாத்தான் இங்க குவார்ட்டர்ஸ் தருவாங்க. அம்மாவ எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் இளங்கோவனின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பிரெஸ்ஸுக்கு முன்னால் கம்பிக் கூண்டு ஒன்று இருக்க வேண்டும், கை உள்ளே போகாமல் தடுக்க. ஷாப்பில் அதைப் பிஞ்ச்ரா என்பார்கள். நாலாம் நம்பரின் பிஞ்ச்ராவைப் பழுது பார்க்கக் கழற்றி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஸ்டோரில் புதியது ரெடியாகக் கிடந்தது. அதை வெளியே எடுக்க ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ், சேஃப்டி என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், மற்ற இருவரும் போட்டபின்தான் தாம் போடுவோம் என்று மூவருமே காத்திருந்தார்கள். விசாரணை நடந்தது. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று முடிவு. அந்த இரண்டு வார்த்தையையும் டைப் அடித்தவள் நான்தான்.

இளங்கோவன் கட்டோடு திரும்பி வந்தார். கேலி பேசுவது நிற்கவில்லை, டப்பாவைத் தொடுவது நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து ஒரு சாப்பாட்டு நேரத்தில் சூசைராஜ், தாளம் இல்லாமல், இதைச் சொன்னான்:

"ஹாத் தேரா, காம் தேரா,
பிஞ்ச்ரா கிதர், சாப் மேரா?
ஆங்க் தேரி, த்யான் தேரா,
உங்லி கிதர், பாய் மேரா?"

உன் கை, உன் வேலை. கூண்டு எங்கே, ஐயா? உன் கண், உன் கவனம். விரல் எங்கே, அண்ணே? இரண்டு நாளில் அது கேன்டீன், கேட், பஸ் என்று எங்கும் பரவிவிட்டது. வழக்கம்போல முதல் வரியை ஒருவன் சொன்னால் அடுத்த வரியைப் பத்துப் பேர் சொன்னார்கள்.

மார்ச்சில் பாதுகாப்பு வாரம். சேர்மன் டெல்லியிலிருந்து வருகிறார். சூசைராஜின் நிகழ்ச்சி உண்டு, வரிகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். எல்லோரும் ஏதாவது சர்க்கார் வாசகத்தைக் கொடுப்பான் என்று நினைத்தோம். அந்த மடையன் இந்த நான்கு வரியையே எழுதிக் கொடுத்தான்.

கமிட்டி கூடியது. பெர்சனல் ஆபீசர் நாராயணஸ்வாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"முதல் வரி ரொம்ப நன்னாருக்கு. உன் கை, உன் வேலை. பொறுப்பு யாருதுன்னு தெளிவா சொல்றான். ரெண்டாவது வேண்டாம், அடிச்சுடு. மூணாவது பிரமாதம். நாலாவதையும் அடிச்சுடும்மா."

"சார், நடுவுல நடுவுல எடுத்துட்டா நொண்டுமே" என்றேன்.

"நொண்டட்டும். பாதுகாப்பா நொண்டட்டும்" என்றார்.

மிச்சமிருந்த இரண்டு வரியை அனுமதித்தார்கள். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது, மீறினால் ப்ரொபேஷனிலேயே வீட்டுக்குப் போகலாம் என்ற எச்சரிக்கையோடு. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நின்றபடியே படித்தான்.

"ஒரு வார்த்த கூட சேக்கக் கூடாதாக்கா?"

"கூடாது."

"வெரசா சொல்லி முடிக்கணும்னு ஏதாச்சும் இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லை."

"ஹவ்" என்றான். சரி என்று அர்த்தம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனான்.

ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் சேர்மன், பக்கத்தில் திரிவேதி, நாராயணஸ்வாமி. சூசைராஜ் மைக்கைப் பிடித்து வாயால் தாளத்தை ஆரம்பித்தான். டும் தக, டும் தக.

"ஹாத் தேரா, காம் தேரா" என்றான்.

நிறுத்தினான். மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, ஒரு வரி நீளத்துக்குச் சும்மா நின்றான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நாராயணஸ்வாமி மூச்சு விட்டார். சூசைராஜ் மறுபடியும் மைக்கைத் தூக்கி அதே வரியைச் சொன்னான், மறுபடியும் நின்றான். அப்போது கடைசி வரிசையிலிருந்து டப்பாச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இளங்கோவன் கிரீஸ் டப்பாவை மடியில் வைத்து, மிச்சமிருந்த விரல்களால் அடித்துக்கொண்டிருந்தார்.

"பிஞ்ச்ரா கிதர், சாப் மேரா?" என்றது ஹால். மொத்த ஹாலும்.

"ஆங்க் தேரி, த்யான் தேரா" என்றான் சூசைராஜ், கமிட்டி அனுமதித்தபடி.

"உங்லி கிதர், பாய் மேரா?"

என் பக்கத்திலிருந்த டெலிபோன் ஆபரேட்டர் சாவித்ரி கத்தினாள். நானும் கத்தினேன். சுருக்கெழுத்து நோட்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அழுகை வேறு வந்து தொலைத்தது.

டெல்லியில் இருந்தாலும் ஹிந்தி பிடிபடாத தெற்கத்திக்காரரான சேர்மன் புன்னகையோடு, "என்ன கேட்கிறார்கள்?" என்று விசாரித்தார். திரிவேதி நல்ல மனுஷர், அதோடு மொழிபெயர்ப்பில் பொய் சொல்லத் தெரியாதவர். "கூண்டு எங்கே என்று கேட்கிறார்கள், சார்" என்றார். "அப்படியா, அந்தக் கூண்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார் சேர்மன்.

மாதக்கணக்கில் நகராத மூன்று கையெழுத்தும் சேர்மன் தயிர்சாதத்துக்கு வருவதற்குள் விழுந்துவிட்டன. அவர் பிரெஸ் ஷாப்புக்குள் நுழைந்தபோது நாலாம் நம்பரில் புத்தம்புதிய கூண்டு, அதற்கு ஒரு சாமந்தி மாலை. பாதுகாப்பு ஏற்பாடுகள் சிறப்பாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு விமானம் ஏறினார்.

மறுநாள் நாராயணஸ்வாமி சூசைராஜைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மேடையில நீ என்ன சொன்னே?"

"ஹாத் தேரா, காம் தேரா, சார்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"ஏன் சொல்லலை?"

"நீங்கதான் அடிச்சுட்டீங்க சார்."

குற்றப்பத்திரிகை தயாரிக்க எவ்வளவோ முயன்றார்கள். ஒன்றும் சொல்லாததற்காக ஒருவனை வீட்டுக்கு அனுப்ப விதி இல்லை. ஹாலில் கத்தியவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாமென்றால், என்ன கத்தினார்கள் என்று எழுத வேண்டும், எழுதினால் டெல்லிக்குப் போகும். கடைசியில் ஒரு சர்க்குலர் வந்தது: மேடை நிகழ்ச்சிகளில் இடைவெளி விடுவதாக இருந்தால் முன் அனுமதி பெற வேண்டும். அதையும் நானே டைப் அடித்தேன், மிகுந்த சந்தோஷத்தோடு. சூசைராஜுக்குக் கன்ஃபர்மேஷன் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அவன் அம்மா குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சியபோது நானும் போயிருந்தேன்.

கூண்டு வந்த சாயங்காலம் சேர்மனின் கார் போனதும் நான் பிரெஸ் ஷாப்புக்குப் போய்ப் பார்த்தேன். இளங்கோவன், நிறுத்தி வைத்திருந்த நாலாம் நம்பருக்கு முன் நின்று, வலது கையை மெதுவாக உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கம்பியில் முட்டி நின்றது. இன்னொரு தடவை நீட்டினார், மறுபடியும் முட்டியது. சூசைராஜ் பக்கத்தில் நின்றான்.

"பார்றா, என்னமா தடுக்குது" என்று சிரித்தார் இளங்கோவன். "இது அன்னிக்கே இருந்திருந்தா உனக்கு அந்தப் பாட்டே கெடைச்சிருக்காதுடா தம்பி."

சூசைராஜ் சிரிக்கவில்லை.

"நக்கோண்ணே. அந்தப் பாட்டே நக்கோ. நீ பாட்டுக்கு டப்பா அடிச்சிருப்ப, நான் பாட்டுக்கு சாம்பாரையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றான்.