சீமாற்றுப் புல் பருவத்தில் வந்த தீ

தை பிறந்து பனி கொட்டும் நாட்களில் சீமாற்றுப் புல்லின் சுணை கழுத்தில் பட்டால் எப்படி அரிக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்; விளக்கெண்ணெய் தடவினாலும் அடங்காது, வெந்நீர் ஊற்றினாலும் அடங்காது, சொறியச் சொறிய இன்னும் கொஞ்சம் சொறி என்று கெஞ்சும். ராசிபுரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் தையும் மாசியும் அந்த அரிப்போடுதான் விடியும். என் அம்மாவும் தெருப் பெண்களும் காலையில் மலைக்குள் போய்ப் புல்லை அறுத்து, வெயில் ஏறுவதற்குள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, வாசலில் உலர்த்தி உதறி, "சீமாறு" கட்டிச் சந்தைக்கு அனுப்புவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைத் துடைப்பம் என்பார்கள்.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே எங்கள் அடுப்பு எரிந்ததும் நான் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் புல்லால்தான். மலையடிவாரத்து மக்கள் காட்டைத் தாயாக நினைப்பவர்கள் என்று இப்போது மேடைகளில் சிலர் உருகும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் வயிற்றுக்காகப் போனவர்கள் ஐயா! அடுத்த வருஷமும் வயிறு இருக்குமே என்பதால் வேரோடு பிடுங்காமல் அறுத்தோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஊரில் யாரும் லாப நஷ்டம் பார்த்ததில்லை. மலை ஏறும் இடத்தில் ஓர் எல்லைக்கல் உண்டு. அதற்கு அப்பால் "கருப்பணார் ஊடு", எங்கள் காவல் சாமியின் வீடு. செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், முள் தைத்தாலும் சரி, பாறை சுட்டாலும் சரி.

நான் ஆறாவது படித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையில் அங்கங்கே தீப்பிடித்தது. ஆட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று அடிவாரத்துக்காரர்களே கொளுத்துகிறார்கள் என்று வனத்துறைக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட வனக் காவலர், நாங்கள் "கார்டு" என்போம், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், தெருவில் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ மேல பொகை வந்துச்சுன்னா, புல்லுக்குன்னு ஒருத்தரும் உள்ள போக முடியாதும்மா. ரேஞ்சர் உத்தரவு."

"ஏனுங்க, சோறு போடற ஊட்டுக்கே எவனாச்சும் கொள்ளி வெப்பானுங்களா?" என்று அம்மா பாய்ந்தாள்.

"எனக்குத் தெரியுதும்மா. அவருக்குத் தெரியணுமே."

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கை வைக்கிற நேரத்துக்கு மலையில் புகை எழுந்தது. யார் வைத்ததோ, இன்றுவரை தெரியாது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தெரு மொத்தமும் ஓடியது. பெண்கள் பாதி கட்டி வைத்திருந்த சீமாறுகளைத் தூக்கிக்கொண்டார்கள். "ஊட்லயே கெட அம்மிணி" என்று அம்மா கத்தியதைக் காதில் வாங்காமல் நானும் பின்னால் ஓடினேன்.

எல்லைக்கல் வந்ததும் அத்தனை ஓட்டமும் நின்றது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள்! அட கடவுளே, எதிரே காடு எரிகிறது, இவர்கள் கோயிலுக்குப் போவதுபோல ஓரமாகச் செருப்பு விடுகிறார்கள். முன்னாலேயே வந்து நின்ற கார்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாம்மா பண்றீங்க? தரையெல்லாம் நெருப்பும்மா, போட்டுக்கிட்டு வாங்க!"

"கருப்பணார் ஊட்டுக்குள்ள செருப்புக் காலோட வரச் சொல்றீங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஆண்கள் பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடித்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று, வாசல் பெருக்குவதுபோலவே, உதிர்ந்து கிடந்த சருகையெல்லாம் தள்ளி வெறுந்தரை தெரிய ஒரு பாதை பெருக்கினார்கள். தீ அதுவரை வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அடங்கியது. தாண்டி விழுந்த பொறிகளைக் கார்டு பூட்ஸ் காலால் மிதித்து அணைத்தார். நல்லவேளை, ஒருவர் காலிலாவது ஏதோ இருந்தது.

மறுநாள் ஜீப்பில் வந்த ரேஞ்சர், காட்டை மூடும் உத்தரவைக் கையிலேயே வைத்திருந்தார். கார்டு அவரை நேராக எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தார். "படிக்கறதுக்கு முன்னாடி இந்தக் காலப் பாருங்க சார்" என்றார். அம்மாவின் பாதம் முழுக்கக் கொப்புளம். "காலப் போயிக் காட்டச் சொல்றீங்களே" என்று அவள் வெட்கத்தோடு சேலையை இழுத்து மூடினாள். ரேஞ்சர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், போய்விட்டார். அடுத்த வருஷத்திலிருந்து, புல் அறுக்கும் முன் ஊரார் சருகு பெருக்கித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு காடு எங்களுக்குத் திறந்தது.

எனக்கோ கோபம் தீரவில்லை. அவள் நடக்க முடியாமல் கிடந்த நாளெல்லாம் நான்தான் சமைத்தேன். சாமிக்கு அவ்வளவு பயமா என்று கேட்டேன். "சாமிக்கென்ன கண்ணு பயம். செருப்புப் பழக்கத்துல கழண்டு போச்சு. இந்தப் புல்லும் போயிருச்சுன்னா உன்ன எப்படிப் படிக்க வெப்பேன்னுதான் பயம்" என்றாள். அன்றைக்கு அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

படிக்க வைத்தாள். நான் குமாரபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போய், அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலையும் பார்க்கிறேன். என்னோடு புல் உதறிய பிள்ளைகள் தறிக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் போய்விட்டார்கள். சந்தைக்கு வெளியூர்த் துடைப்பம் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் சீமாற்றைக் கேட்பவர் இல்லை. மலைக்குள் போகும் வேலையும் ஊருக்கு இல்லை. காடு என்னவோ முன்பைவிட அடர்த்தியாகத்தான் நிற்கிறது. பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, அவ்வளவு சருகு.

போன பங்குனியில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். மதியம் அவள் செல்போன் அடித்தது. புதிதாக வந்திருக்கும் இளம் கார்டு பதற்றமாகப் பேசியது எனக்கே கேட்டது: "பாட்டிம்மா, மேல பொகை தெரியுது. உங்க ஊர்ல இருந்து எத்தன பேர் வருவீங்க?"

அம்மா வாசலுக்கு வந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு வாரோம் சாமி" என்றாள்.