பாய்க்கு உறை

பாய் என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் மூன்று வேலை வாங்குகிறோம். விரித்துப் படுப்பதும் பாய், கடைத்தெருவில் முஸ்லிம் பெரியவரைக் கூப்பிடுவதும் பாய், கடலில் காற்றைப் பிடித்துப் படகை இழுப்பதும் பாய். கடலோரத்தில் பிறந்தவனுக்கு இதில் குழப்பம் வராது. நான் பிறந்தது அதியமான்கோட்டை, பெண் எடுத்தது பாலக்கோடு. இரண்டு ஊரிலும் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். அதற்குப் பாயும் கிடையாது, பாய்மரமும் கிடையாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் வந்து நின்றுகொண்டு, துபாயில் பாய்க்கு உறை தைத்தேன் என்று சொன்ன என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

நடந்தது எண்பதுகளின் பாதியில். அதற்கு முன்னால் ஹைவே ஓரத்தில் இன்னொருவர் கடையில் லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் வேலை என்று ஏஜெண்டு சொன்னதை நம்பித்தான் விமானம் ஏறினேன். மாமனார் வீட்டிலும் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கப்பலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. வெள்ளைக்காரர்கள் லீவு நாளில் உல்லாசமாக ஓட்டிப் போகும் பாய்மரப் படகுகளைப் பராமரிக்கும் ஒரு பட்டறை. நான் அங்கே தையல்காரன்.

படகு கரையில் நிற்கும்போது பாயை இறக்கி, மரத்தின் அடியில் குறுக்காகக் கிடக்கும் கட்டையின்மேல் மடித்து வைப்பார்கள். அந்த ஊர் வெயிலில் அப்படியே விட்டால் துணி நைந்துவிடும். அதனால் கட்டையோடு சேர்த்து கான்வாஸில் ஒரு நீள உறை போட்டு மூடுவார்கள். அதைத் தைப்பதுதான் என் வேலை. பிறகு சில படகுக்காரர்கள் புதுசாக ஒன்று கொண்டுவந்தார்கள். கறுப்பாக, சுருட்டினால் சுருளும் மெல்லிய தகடு. வெயில் பட்டால் கரண்டு எடுக்கும். எப்படியும் நாளெல்லாம் வெயிலில் கிடக்கிற உறைதானே, அதன் முதுகிலேயே இதைப் பொருத்து என்றார்கள்.

பொருத்துவது சுலபமில்லை. தகட்டின்மேல் ஊசி ஏறினால் செத்தது. ஓரத்தில் விட்டிருக்கும் வெற்று விளிம்பில் மட்டும் கான்வாஸ் பட்டை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையை பிரஸ் பட்டன் போட்டு உறையோடு பூட்ட வேண்டும். அப்போதுதான் வேண்டாதபோது கழற்ற முடியும். துணியைத் தம் பிடித்து இழுத்தால் தகடு மடங்கும், தொளதொளவென்று விட்டால் காற்றில் படபடக்கும். ஒயர் வெயிலில் வெடிக்காமல் இருக்க அதற்கென்று ஒரு துணிக்குழாய் தைக்க வேண்டும். எனக்கு இது கைவந்தது. வாழ்க்கையில் ஒரு வேலையைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன் என்றால் அது இதுதான்.

அந்தப் பட்டறையை முதலாளி ஒருநாள் இழுத்து மூடினார். கூட வேலை செய்தவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட்டு பாட்டிலுமாக ஊர் திரும்பினார்கள். நான், ஒரு படகுக்காரர் ஓரம் நசுங்கிவிட்டதென்று ஒதுக்கிய தகடு ஒன்றைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவியும் கைக்குழந்தையும் பாலக்கோட்டில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனாருக்குத் தக்காளி மார்க்கெட்டில் மண்டி. நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். என் ஆசை ஒன்றே ஒன்று. அதியமான்கோட்டையில் ரோட்டோரமாக சொந்தமாக ஒரு தார்ப்பாய்க் கடை போட வேண்டும், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவரோ, "அவசரம் என்னங்க மாப்ள, இதும் உங்க வூடுதான்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். நான் கடை வைத்துப் பிழைப்பேன் என்று அவருக்கு நம்பிக்கையில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, மண்டியில் கூடை எண்ணிக்கொண்டு, வீட்டோட மாப்பிள்ளையாகிக்கொண்டிருந்தேன்.

எதிர்மண்டிக்காரர் ஒருவர், வாய் சும்மா இருக்காத மனிதர், துபாயில் கப்பலில் என்ன வேலை என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"பாய்க்கு உறைங்களா?" என்றார். "தலகாணிக்குத்தாங்க உறை போடுவாங்க. பாய்க்குமா போடறாங்க அங்க?"

மார்க்கெட்டே சிரித்தது. படகு, பாய்மரம், கட்டை என்று நான் விளக்க விளக்க அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே எனக்குத் தலகாணி மாப்ள என்று பேர் விழுந்துவிட்டது. மாமனார் வீட்டில் குந்தித் தின்கிறவனுக்கு அந்தப் பேர் எங்கெல்லாம் சுடும் என்று வைத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? கூடை இறக்குகிற பெண்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். மாமனார் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அவர் குனிந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ரோஷத்தில்தான் தகட்டை வெளியே எடுத்தேன். மண்டிக்கு முன்னால் மூங்கில் நட்டு ஒரு தார்ப்பாய்ப் பந்தல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன்மேல் இதைப் பொருத்தி, வெறும் வெயிலில் விளக்கு எரித்துக் காட்டுகிறேன் என்று மாமனாரிடம் சொன்னேன். சாயங்காலம் லோடு வருகிற நேரத்தில்தான் அங்கே கரண்டு போகும், பெட்ரோமாக்ஸுக்கு ஆள் ஓடும். அவருக்கும் முகம் மலர்ந்தது. மருமகன் மார்க்கெட்டில் தலைநிமிர்ந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

தார்ப்பாயில் கான்வாஸ் துண்டு வைத்துத் தைத்து, தர்மபுரியில் தேடி வாங்கிய பிரஸ் பட்டன்களை அடித்து, ஒயருக்குக் குழாய் தைத்து, எல்லாம் படகில் செய்தது போலவே செய்தேன். டிராக்டரிலிருந்து கழித்துப்போட்ட பாட்டரி ஒன்றும், லாரி கேபினுக்குள் எரியும் சின்ன பல்பு ஒன்றும் பிடித்தேன். பாட்டரியில் சொட்டுக் கரண்டும் இல்லை என்பதை எதிர்மண்டிக்காரரையே பரிசோதிக்கச் சொன்னேன். நாளெல்லாம் வெயில் குடித்து, சாயங்காலம் பல்பு எரிய வேண்டும். அதுதான் பந்தயம்.

வெள்ளிக்கிழமை காலையில் தகட்டைப் பூட்டினேன். கீழே இறங்கினால் மாமனார் குளித்து நெற்றி நிறைய திருநீறோடு, தட்டில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு நிற்கிறார். புது வண்டி வாங்கினாலும் புது மோட்டார் இறக்கினாலும் செய்வதுதானே. தக்காளிப் பெட்டிமேல் ஏறி நின்று, குழைத்த திருநீற்றை மூன்று விரலால் அள்ளி, தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தமாக ஒரு பட்டை போட்டார். நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மார்க்கெட்டே கூடிநின்று கும்பிட்டது.

அந்தத் தகடு நீளநீளமான கோடுகளாக ஆனது. ஒரு கோடு முழுசாக மறைந்தாலே மற்றதெல்லாம் சேர்ந்து படுத்துவிடும். படகில் மரத்தின் நிழல் நீளமாக விழுந்தால்கூட இடம் மாற்றிப் பூட்டச் சொல்வார்கள். மாமனார் கணக்காக மூன்று கோடுகளை அடைத்திருந்தார். மாமா, இதைத் துடைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை, ஊர் பார்க்க, பெரியவர் கையால் வைத்த பொட்டை அழி என்று அவர் சோற்றைத் தின்கிறவன் எப்படிச் சொல்வான்? கிட்டத்தில் என் மனைவி வேறு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெற்றியில் அதே குங்குமத்தோடு நின்றாள். கற்பூரத்தைத் தொட்டு நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அன்றைய வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மனசுக்குள் ஒரு மழைத்தூறலாவது விழாதா, திருநீறு கரையாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுக்கிறவன் மழைக்கு வேண்டிக்கொண்ட கொடுமை எங்காவது உண்டா?

சாயங்காலம் கரண்டு போனது. கூட்டம் கூடியது. ஸ்விட்சைப் போட்டேன். பல்பு பீடி நெருப்பு மாதிரி லேசாகச் சிவந்து அப்படியே அணைந்தது.

"தலகாணிக்குத் தூக்கம் வந்துருச்சுடோய்!" என்றார் எதிர்மண்டிக்காரர்.

அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியாது. காது இரண்டும் எரிந்தது. மாமனார் வந்து தோளில் கை வைத்து, "வுடுங்க மாப்ள. நமக்குத் தெரிஞ்ச தார்ப்பாயே போதும். நாளைக்கு நம்ம லாரித் தார்ப்பாயில ஒரு கிழிசல் இருக்குது, அதத் தச்சுக் குடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கரிசனம் என்னை மண்ணோடு மண்ணாக்கியது.

வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நெசமாவே உங்களுக்கு அந்த வேல தெரியுமா? எங்கிட்டயாச்சும் உள்ளதச் சொல்லுங்க."

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சோறு இறங்குமா? திருநீற்றுப் பட்டையைப் பற்றிச் சொன்னேன். "இதச் சொல்றதுக்கு என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் மாமனார் மாரண்டஹள்ளிப் பக்கம் தோட்டம் பார்க்கப் போயிருந்தார். என் மனைவி மண்டிக்கு வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அதே தக்காளிப் பெட்டிமேல் ஏறி, ஈரத்துணியால் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் துடைத்தாள். எதிர்மண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "ஏம்மா, பொட்ட அழிக்கறயே" என்று யாரோ ஒரு அம்மாள் பதறினாள். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். பொண்டாட்டி துடைக்கிறாள், புருஷன் ஒளிகிறான். இதைவிட ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் பல்பு பளிச்சென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. மாமனார் தோட்டத்திலிருந்து திரும்பியிருந்தார். பல்பைப் பார்த்த சந்தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா, வெள்ளிக்கெழம வச்ச பூச வீணாப் போவுமா?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

"பூச நல்லாத்தான் பலிச்சுதுப்பா" என்றாள் என் மனைவி. "பூசுனதுதான் கெடுத்துது. காத்தால நாந்தான் தொடச்சேன். தகட்ட மறச்சா கரண்டு வராதாம்."

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"நெசங்களா மாப்ள?"

"நெசந்தாங்க மாமா."

"நான் பூசறப்பவே தெரியுமா?"

"தெரியுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தொடச்சிருப்பனே. சாமி என்ன, கோவிச்சுக்கவா போவுது? நான் என்ன அசலாளா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, மனசு விட்டுப்போன மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "எங்கிட்டயே வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. ரோட்டு மேல லாரிக்காரங்கிட்ட என்னங்க பேசிப் பொழப்பீங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. மகளைக் கொடுத்தவரின் கவலையில் கேட்டார். என் தொழிலைப் பற்றி அவருக்கு இப்போது சந்தேகமே இல்லை, என்னைப் பற்றித்தான் இருந்தது. விளக்கு நன்றாக எரிந்ததால் என் முகம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. அதை அணைத்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

"அவரு தைக்கட்டும்ப்பா" என்றாள் என் மனைவி. "பேச்ச நான் பாத்துக்கறேன்."

"அப்படிப் போடு!" என்று எதிர்மண்டிக்காரர் கையைத் தட்டினார். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை மாமனாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்ப சரி, போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவு நாள் நான் காத்துக்கிடந்த வார்த்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னார்.

தகட்டை மண்டிக்கே விட்டுவிட்டு, தர்மபுரி வழியாக அதியமான்கோட்டைக்குக் கிளம்பினோம். தட்டுமுட்டுச் சாமான்களோடு தர்மபுரி பஸ்ஸில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் எதற்கும் வாயைத் திறந்து பேசிவிட வேண்டும் என்று மனசுக்குள் உறுதியெல்லாம் செய்துகொண்டேன். கண்டக்டர் வந்தார். என்னைத்தான் பார்த்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள், "தர்மபுரி ரெண்டு" என்றாள் என் மனைவி.